இடது பூட்ஸின் மடிப்பு

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
18.1.1996

அன்புள்ள மச்சான் சந்தானம் அவர்களுக்கு,

இளங்கோவன் வணக்கம். நானும் உங்கள் தங்கை காந்தாவும் இங்கே சௌக்கியம். நீங்கள், சின்னத்தாயி அக்கா, மகள் வீணா மூவரும் சுகம் என்று நம்புகிறேன். பொங்கல் வரிசை பத்திரமாக வந்து சேர்ந்தது. கரும்பில் பாதியைப் பஸ்காரன் கடித்துவிட்டான் போலிருக்கிறது, மற்றபடி குறையில்லை. புடவையைக் காந்தா கட்டிக்கொண்டு தெருவில் நாலு வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்றொன்று காவிரிக் கலவரத்தில் எங்கள் ரசிகர் மன்றத்துப் பெயர்ப்பலகையை இறக்கிப் பரணில் போட்டோம். நாலு வருஷம் கழித்து இப்போதுதான் தைரியமாக மறுபடி மாட்டியிருக்கிறோம். அந்தச் சந்தோஷத்தில் மே 12, ஞாயிற்றுக்கிழமை காலை ‘அச்சு அசல்’ போட்டி வைக்கிறோம். ‘எட்டாம் காவல்’ படத்தில் தலைவர் உதயசேகர் போட்டிருக்கும் உடையை அப்படியே போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டும். தொப்பி, பெல்ட், பட்டன் எல்லாவற்றுக்கும் தனித்தனி மார்க். தலைமை மன்றத்துச் செயலாளர் சீனிவாசராகவன் ஸ்டில் ஆல்பத்தோடு வந்து பார்த்து மார்க் போடுவார். ஜெயிக்கிறவனுக்குத் தலைவரின் நூறாவது பட விழாவில், மேடையில் அவர் பக்கத்தில் நிற்க இடம்.

பதினாறு வயதிலிருந்து அவருக்குப் போஸ்டர் ஒட்டுகிறேன் மச்சான். ஒரு தடவைகூட அவரைப் பக்கத்தில் பார்த்ததில்லை. நீங்களோ அவருக்கே உடுப்பு மாட்டிவிடுகிறவர். கேட்டால், வேலை செய்யும் இடத்துக்குச் சொந்தக்காரர்களை அழைத்துப்போக மாட்டேன் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறீர்கள். நான் கோபப்பட்டதில்லை. இந்த ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். சட்டையும் பெல்ட்டும் தயார். பூட்ஸ்தான் கழுத்தை அறுக்கிறது. நீங்கள் கைவைத்து மூன்று பக்கிள் வைத்துத் தைப்பதற்கு முன்னால் அது என்ன பூட்ஸாக இருந்தது? அது தெரிந்தால் போதும், மீதியை நானே பார்த்துக்கொள்வேன்.

தொம்மலூர் கிளையில் டென்சில் என்று ஒருவன் இருக்கிறான். ஆறடி. அவன் எப்படியோ பூட்ஸைக் கண்டுபிடித்துவிட்டானாம். தூக்கமே வரவில்லை.

அக்காவுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

அன்பு மாறாத
இளங்கோவன்


வடபழனி, சென்னை
4.2.1996

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு மூவரும் நலம். சின்னத்தாயிக்கு முழங்கால் வலி, அது அவளோடு பிறந்தது. காந்தாவின் இருமல் நின்றதா? அங்கே பனி அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள்.

கார்ப்பரேஷன் லைட் டிபார்ட்மென்ட்டில் கம்பம் ஏறுகிறவருக்குப் பூட்ஸ் கவலை வந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்டதைச் சொல்கிறேன்.

அது மிலிட்டரியில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவர்கள் போடும் பூட்ஸ். முழங்காலுக்கு ஒரு சாண் கீழேவரை வரும். எங்கள் காஸ்ட்யூம் மாஸ்டரும் நானும் மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய வருஷம் அங்கே வாங்கினோம். ஒன்பதாம் நம்பர். மேலே இரண்டு விரற்கடை வெட்டி மடித்துத் தைத்தோம். பக்கிள் மூன்றும் குதிரைச் சேணத்தில் வருகிற பித்தளை, புதுசு வாங்காதீர்கள், மினுக்கும். சாயம் கறுப்பில்லை. கறுப்போடு கால் பங்கு மெரூன் பாலீஷ். திரையில் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் மிலிட்டரிக்காரர்களுக்கா பஞ்சம்? சிவாஜிநகரில் தேடுங்கள், கிடைக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நான் சொன்னதாக வெளியே சொல்ல வேண்டாம். பூட்ஸ் பெரிய ரகசியம் இல்லை. ஆனால் உங்கள் தலைவர் வீட்டு விஷயம் எதுவும் என் வாயிலிருந்து போனதில்லை என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக என்னைக் கூடவே வைத்திருக்கிறார். என் சோறு அதில் இருக்கிறது.

காந்தாவுக்கு ஆசிகள்.

உங்கள் மச்சான்
சந்தானம்


ஸ்ரீராம்புரம்
25.2.1996

தெய்வம் போன்ற மச்சானுக்கு,

சுகம். சுகத்துக்கு மேலே சுகம். காந்தாவின் இருமல் போய்விட்டது. வீணாவுக்குப் பரீட்சை வருகிறதே, நன்றாக எழுதச் சொல்லுங்கள்.

பூட்ஸ் கிடைத்துவிட்டது! இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரில் அலைந்தேன். கடைசியில் ஒரு பாய் கடையில், கூடாரத் துணிக்கு அடியில் இருந்தது. “இத்தப் போட்டுகினு நீங்கோ எங்க சாமி சண்டைக்குப் போறீங்கோ? லைட்டு கம்பத்துமேலயா?” என்று கேட்டார். நான் யாருக்காக வாங்குகிறேன் என்று சொன்னதும், “அட, உதயசேகர் சாப்துக்கா, எடுத்துக்கோங்கோ” என்று தன் கையாலேயே தூசு தட்டிக் கொடுத்தார். பித்தளை பக்கிள் ஜட்கா வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கினேன். மெரூன் கலந்து அடித்துவிட்டு வாசலில் வைத்திருந்தேன். பார்த்த பக்கத்து வீட்டு வெங்கடம்மா, “ஏனப்பா இது, மனெகே போலீஸ் பந்திதாரா?” என்று, வீட்டுக்குப் போலீஸ் வந்துவிட்டதோ எனப் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

குதிகாலில் லாடம் அடித்தேன், படத்தில் டக் டக் என்று சத்தம் வருகிறதே என்று. அப்புறம் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வில்லனை உதைக்கிற இடத்தில் அடிப்பாகம் தெரிகிறது, லாடம் இல்லை. பிடுங்கிவிட்டேன்.

அப்படிப் பார்க்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வில்லனைத் துரத்திக்கொண்டு கோயில் படி ஏறுகிறாரே, அந்தக் காட்சி. படியில் முன்கால் அழுந்தும்போது வலது பூட்ஸில் விரலுக்கு மேலே மூன்று மடிப்பு விழுகிறது. இடது பூட்ஸ் மடங்கவே இல்லை. பதினாலு இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு இடத்திலும் மடங்கவில்லை. என்னுடையது இரண்டும் ஒரே மாதிரி மடங்குகிறது. அது ஏன் மச்சான்? இடது மட்டும் வேறு பூட்ஸா?

காந்தா, நான் டிவிக்குள் தலையை விட்டுவிடுவேன் என்கிறாள்.

உங்கள்
இளங்கோ


வடபழனி
17.3.1996

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். வீணா இரவும் பகலும் படிக்கிறாள். கண்ணாடி போட வேண்டியிருக்கும் போல.

பூட்ஸ் அமைந்ததில் மகிழ்ச்சி. லாடத்தைப் பிடுங்கியது சரி. அந்தச் சத்தம் பின்னால் ரிக்கார்டிங் தியேட்டரில் சேர்த்தது. லேஸ் தட்டையாக இருக்கக் கூடாது, உருண்டை. கீழிருந்து நாலாவது ஓட்டையை விட்டுவிட்டுக் கட்ட வேண்டும், அது மாஸ்டர் பழக்கம். பாலீஷ் போட்டபிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காட்டில் நடக்கிறவன் பூட்ஸ் பளபளக்கக் கூடாது. பேன்ட்டை உள்ளே செருகும்போது வெளிப்பக்கம் மடித்துச் செருகினால் முழங்காலில் உப்பாது.

வெயில் ஆரம்பித்துவிட்டது. கம்பத்தில் ஏறும்போது கவனம்.

உங்கள் மச்சான்
சந்தானம்


ஸ்ரீராம்புரம்
26.3.1996

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். லேஸ் இருக்கிறது, பாலீஷ் இருக்கிறது, பேன்ட் மடிப்புகூட இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை.

மறந்துவிட்டீர்கள் என்று நினைக்க முடியவில்லை. நாலாவது ஓட்டை ஞாபகம் இருக்கிறவருக்கு ஒரு முழு பூட்ஸ் மறக்குமா? என்னிடம் சொல்லக் கூடாது என்று நினைக்கிறீர்கள். வெளியாள் என்றால் சரி. நான் உங்கள் தங்கையைக் கட்டினவன். உங்கள் வீட்டு மாப்பிள்ளை. எனக்கே மறைத்தால் அப்புறம் என்ன உறவு?

டென்சிலும் அதே பூட்ஸ் வாங்கிவிட்டான். சட்டை, பெல்ட் எல்லாம் சரிக்குச் சரி. இந்த இடது பூட்ஸ் ஒன்றில்தான் நான் ஜெயிக்க முடியும். அவன் அதைக் கவனிக்கவில்லை. படத்தை என்னை மாதிரி யாரும் பார்க்கவில்லை.

இளங்கோவன்

அண்ணா, நான் காந்தா. இவர் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். ஏதோ பூட்ஸ்தானே, சொல்லிவிடேன். எனக்காக.


வடபழனி
21.4.1996

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தாளைக் கிழித்தேன்.

காந்தா எழுதியபிறகு எனக்கு வேறு வழி இல்லை. படித்தவுடன் இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடுங்கள். காந்தாவுக்குக்கூடக் காட்ட வேண்டாம்.

இரண்டும் ஒரே ஜோடிதான். அவருக்கு இடது காலில் விரல்கள் இல்லை. சுண்டு விரல் மட்டும் உண்டு. சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்தார். டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவிவிட்டது. அவர் எந்தப் படத்திலாவது வெறும் காலோடு வந்து பார்த்திருக்கிறீர்களா? சாமி கும்பிடும் காட்சியில்கூட இடுப்புக்கு மேலேதான் எடுப்பார்கள்.

மீன்வலைத் தக்கையை விரல் அளவுக்கு இழைத்து, பழைய ஃபிளானல் துணி சுற்றி, பூட்ஸின் முனையில் வைத்துத் தைப்பேன். அதனால்தான் மடிவதில்லை. சண்டைக் காட்சிக்கு ஒரு கட்டை, நடனத்துக்கு வேறு, சும்மா நடக்க வேறு. ஒரு நூல் அதிகமானால் அவருக்கு ரத்தம் வந்துவிடும். வந்தாலும் டேக் முடியும்வரை சொல்ல மாட்டார். மாஸ்டர் காலமாகிவிட்டார். இப்போது இது அவருக்கும், அவர் மனைவிக்கும், எனக்கும்தான் தெரியும். இன்றிலிருந்து உங்களுக்கும்.

அவருக்கு யாரும் பரிதாபப்படக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்கு இருக்கிற பயம். இது வெளியே போனால் என் வேலை போகும். அது போகட்டும், அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெயித்து வாருங்கள்.

சந்தானம்


ஸ்ரீராம்புரம்
2.5.1996

அன்புள்ள மச்சானுக்கு,

நலமே. கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன், கவலை வேண்டாம். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். காந்தா கேட்டதற்கு வெங்காயம் என்று சொன்னேன். நான் வெங்காயம் உரிக்கிற ஆளா, அவள் நம்பவில்லை.

எனக்கு விரல்கள் இருப்பதால் தக்கை வைக்க இடமில்லை. தகரத் தகடு ஒன்றை வளைத்து இடது பூட்ஸுக்குள் விரல்மேல் வைத்திருக்கிறேன். மடியவில்லை. அச்சு அசல். நடக்கும்போது உயிர் போகிறது. தலைவர் பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு தினம் சாயங்காலம் மொட்டைமாடியில் நடந்து பழகுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி எனக்காக முருகனைக் கும்பிடுங்கள்.

இளங்கோ


ஸ்ரீராம்புரம்
20.5.1996

மச்சானுக்கும் அக்காவுக்கும்,

இந்தக் கடிதம் உங்களை நல்ல சுகத்தோடு சந்திக்கட்டும். வீணா ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள்.

ஜெயித்துவிட்டேன்! முதல் பரிசு. மண்டபம் நிறைய ஜனம், கோலார் தங்கவயலிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. டென்சிலுக்கும் எனக்கும் கடைசிவரை சரிசமமான போட்டி. அப்புறம் சீனிவாசராகவனே எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஜனமெல்லாம் அழுதது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்க்கெட்வரைக்கும் போனார்கள். டென்சில்கூட வந்து கைகொடுத்து, “யூ டிசர்வ் இட் மேன்” என்று சொன்னான்.

இடது பூட்ஸ்தான் ஜெயிக்க வைத்தது. எல்லாம் உங்கள் ஆசி. வேலை நிறைய இருப்பதால் இத்துடன் முடிக்கிறேன். காந்தா நலமாக இருக்கிறாள், அவளுக்கு எழுத நேரமில்லை.

இளங்கோவன்


வடபழனி
14.6.1996

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வாழ்த்துகள். உங்கள் இருவர் உடல்நலமும் எப்படி இருக்கிறது? வீணா எண்பத்திரண்டு சதவீதம் வாங்கியிருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் ஒரு வார இதழில் அவருடைய காலைப் பற்றி அரைப்பக்கம் வந்திருக்கிறது. லாரி, ஜாக்கி, தக்கை, ஃபிளானல் எல்லாம் இருக்கிறது. ‘நெருங்கிய உதவியாளர் ஒருவர் எழுதிய கடிதத்தின்படி’ என்று போட்டிருக்கிறான். ஒன்பது நாளாக எனக்குக் கம்பெனி கார் வரவில்லை. ஃபோன் செய்தால் மேனேஜர் சுந்தரேசன், “சொல்லி அனுப்புறோம்ணே” என்கிறார். அவர் குரலே சரியில்லை.

அந்தக் கடிதத்தை நீங்கள் கொளுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நான் உங்களை நம்புகிறேன். ஆனால் மேடையில் என்ன பேசினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். யாராவது எதையாவது ஊகித்திருக்கலாம். உங்கள் பதிலை வைத்துக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வேன்.

தபால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தானம்


ஸ்ரீராம்புரம்
17.7.1996

அண்ணனுக்குக் காந்தா எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கடிதம் ஒரு மாதமாக டிவிக்கு அடியில் கிடக்கிறது. பதில் எழுதுங்கள் என்று தினமும் சொல்கிறேன். “எழுதறேன், எழுதறேன், சும்னே தலை தின்னாத” என்கிறார். இன்றைக்கு அவர் டியூட்டிக்குப் போனதும் நானே உட்கார்ந்துவிட்டேன்.

நான் மண்டபத்தில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன் அண்ணா. அந்தச் செயலாளர் ஆல்பத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடந்து காட்டச் சொன்னார். அப்புறம், “இடது பூட்ஸ் பழகவே இல்லையே, மரக்கட்டை மாதிரி இருக்கு. டென்சிலோடது இயற்கையா மடியுது. அவருக்குத்தான் மார்க்கு” என்றார். இவருக்கு முகம் செத்துவிட்டது. தகரம் குத்தி சாக்ஸெல்லாம் ரத்தம், அதோடு நிற்கிறார். எனக்கே பாவமாக இருந்தது.

உடனே மைக்கைப் பிடுங்கினார். “என் மச்சான் தலைவரோட காஸ்ட்யூமர் சந்தானம். அவர் கையெழுத்துல எழுதினது இது, கேளுங்க” என்று சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். ‘கொளுத்திவிடுங்கள்’ என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்துப் படித்தார். ‘யாரும் பரிதாபப்படக் கூடாது’ என்ற இடம் வந்ததும் ஜனம் ஓவென்று அழுதது. “இத்தினி வருசம் நோவோட ஆடினியா தலைவா!” என்று ஒருத்தர் மார்பில் அடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஒரு ஆள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

மண்டபத்தில் டெக் இருந்தது அண்ணா. படமும் இருந்தது. கோயில் படி காட்சியைப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த ஆளே பார்த்து மார்க் போட்டிருப்பார். இவருக்கு அது தோன்றாமல் இல்லை. ராத்திரி கேட்டேன். “அது சரிதான், ஆனா காஸ்ட்யூமர் என் மச்சான்னு யாருக்குத் தெரியும் அப்போ?” என்றார்.

எனக்காக என்று எழுதியது நான். அந்த ஒரு வரியை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணியிடம் என்னைத் திட்டச் சொல்.

காந்தா


ஸ்ரீராம்புரம்
4.9.1996

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமே நாடுவது. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாமல் போய்விட்டது. மழைக்காலம், தினம் எங்காவது கம்பி அறுந்து விழுகிறது.

போன மாதம் சென்னைக்கு வந்திருந்தேன். நூறாவது பட விழா. தலைவர் பக்கத்தில் நின்றேன் மச்சான்! போட்டோ பத்திரிகையில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். என்னைக் கட்டிப்பிடித்து, “நீதானே அந்த ஆளு?” என்று கேட்டார். அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. ஜனம் இப்போது அவரை முன்னைவிட இரண்டு மடங்கு கொண்டாடுகிறது. அவர் காலைத் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நடந்ததெல்லாம் நல்லதற்குத்தான். உங்கள் வீட்டுக்கு வர ஆசைதான், லாட்ஜில் இரண்டு நாள்தான் இருந்தேன், நேரமே கிடைக்கவில்லை.

இன்னொரு சந்தோஷம். உயரம் ஒத்துப்போவதால் அடுத்த படத்தில் பைக் ஓட்டும் காட்சிகளுக்கு என்னை டூப்பாகப் போட்டிருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் இங்கேயே நந்தி மலையில் ஷூட்டிங். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதில் ஒரு சின்னச் சிக்கல். உங்கள் இடத்துக்குப் பிரகாஷ் என்று புதுப் பையன் வந்திருக்கிறான். அவனுக்குத் தக்கை இழைக்கத் தெரியவில்லை. டெஸ்ட் ஷூட்டிலேயே தலைவருக்குக் கால் புண்ணாகிவிட்டதாம். என் மச்சானைக் கேட்டு நான் சொல்கிறேன் என்று சுந்தரேசனிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று கட்டைக்கும் அளவு என்ன, எத்தனை சுற்று ஃபிளானல், எந்த இடத்தில் தையல் என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். எனக்கும் அங்கே ஒரு மரியாதை கிடைக்கும். சமயம் பார்த்து உங்களைப் பற்றியும் பேசுகிறேன்.

வீணா எந்தக் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்?

இளங்கோ


வடபழனி
18.10.1996

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் காந்தாவும் நலமாக இருக்க வேண்டும்.

காந்தா ஜூலையிலேயே எழுதிவிட்டாள். உங்களிடமிருந்து ஒரு கடிதம் வரும் என்று அதற்குப் பிறகும் காத்திருந்தேன். வந்தது. அதில் தக்கைக்கு அளவு கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தங்கிய லாட்ஜ் எது என்று போட்டோவோடு வந்த செய்தியில் போட்டிருந்தார்கள். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் காலையில் பால் வாங்க அந்த வழியாகத்தான் போகிறேன். நேரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், பழியை முழுக்க உங்கள்மேல் போடுவது நியாயமில்லை. காந்தா கேட்டாள் என்பதற்காக மட்டும் நான் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் நான் செய்த வேலையின் பெருமையே அது யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான். ஆனாலும் நீங்கள் பதினாலு இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்து, இடது பூட்ஸ் ஏன் மடியவில்லை என்று கேட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. என் வேலையைப் பார்க்கவும் ஒருத்தன் இருக்கிறான், அவனும் என் வீட்டு மாப்பிள்ளை என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் பேனாவைத் திறந்தேன். அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

ஜூலை கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று போனேன். உட்காரச் சொன்னார். “ஊருக்குத் தெரிஞ்சதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல சந்தானம். ஒரு நாள் தெரியத்தான் போவுது. உன் கையெழுத்துன்னாங்க பாரு, அத நான் நம்பல. நீயே சொல்லு, உன்னுதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “போயிட்டு வா” என்றார். எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்திருக்கிறேன். இதை எனக்கு நீங்கள்தான் காட்டிக்கொடுத்தீர்கள்.

தக்கை விஷயம். அளவு எழுதி உங்களுக்கு அனுப்ப மாட்டேன். கால் புண்ணாகிவிட்டது என்று படித்ததும் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று கட்டையும் புதிதாக இழைத்து, துணி சுற்றி, அளவுத் தாளையும் வைத்து அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். வாட்ச்மேன் பழைய ஆள்தான், இருந்தாலும் கேட்டுக்குள் விடவில்லை. பொட்டலத்தை அவனிடம் கொடுத்துவிட்டு நின்றேன். அவர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை உயர்த்திக் கும்பிட்டேன். உள்ளே போய்விட்டார்.

இப்போது சாலிகிராமத்தில் ஒரு நாடகக் கம்பெனிக்கு உடுப்பு தைக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை, காந்தாவிடம் சொல்லுங்கள். அவளை நான் திட்டவில்லை என்றும் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் தீபாவளி. வழக்கம்போல நான் வருவேன். காந்தாவுக்குப் புடவை, உங்களுக்கு வேட்டி சட்டை, பலகாரம், எதிலும் குறை இருக்காது. “வாங்க மச்சான்” என்று கூப்பிடுவீர்கள். “நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை” என்று கேட்டுவிட்டு, நீங்கள் போடும் நாற்காலியில் உட்காருவேன். என் தங்கை உங்கள் வீட்டில் வாழ்கிறாள், அவள் தலைகுனிய விடமாட்டேன். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் இனிமேல் நீங்கள் என்னிடம் எதைக் கேட்டாலும், சென்னையில் மழை உண்டா என்று கேட்டால்கூட, எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன்.

காந்தாவின் அண்ணன்
சந்தானம்